பவுலினோவின் பாதி

என் கணவர் பவுலினோ முதலில் என் அண்ணன் நிக்கானோருக்குத்தான் ஜோடி. எனக்கு ஜோடியானது அப்புறம். எங்கள் கல்யாணப் படத்தில்கூட அவர்கள் இரண்டு பேரும்தான் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நான் ஏதோ விருந்துக்கு வந்தவள் மாதிரி ஓரத்தில், காற்றுக்குத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பொறாமையில் சொல்லவில்லை. எங்கள் ஏரிக்கரையில் சிகு ஊதுகிறவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு ஜோடி உண்டு. சிகு என்பது நாணல் குழல்களை வரிசையாகச் சேர்த்துக் கட்டிய வாத்தியம். ஆனால் ஒரு சிகுவில் எல்லா ஸ்வரமும் இருக்காது. பாதி 'இரா'வில் இருக்கும், மீதிப் பாதி 'அர்க்கா'வில். இராவை ஒருத்தர் வைத்திருப்பார், அர்க்காவை இன்னொருத்தர். இவர் ஒன்று ஊத, அவர் அடுத்தது ஊத, மறுபடி இவர் ஊத, இப்படி மாற்றி மாற்றித்தான் ஒரு பாட்டு நடந்து போகும். எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் தனியாக ஒரு பாட்டை ஊதிவிட முடியாது. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

அண்ணன் இரா, என் வீட்டுக்காரர் அர்க்கா. இரா முன்னால் போகும், அர்க்கா பின்னாலேயே வரும். மற்ற விஷயங்களிலும் அப்படித்தான். அண்ணன் போய் யாரிடமாவது சண்டையை இழுப்பார், இவர் மறுநாள் ஒரு பீர் பாட்டிலோடு போய்ச் சமாதானம் பேசுவார். அண்ணன் ஒரு வீட்டைக் கட்ட ஆரம்பிப்பார், கூரை போட்டு முடிப்பது இவராக இருக்கும்.

அந்த வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. நடுவில் தெரு. சாயங்காலம் ஆனால் அண்ணன் தன் முற்றத்தில் உட்கார்ந்து ஊதுவார், இவர் எங்கள் முற்றத்திலிருந்து பதில் ஊதுவார். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார இரண்டு பேருக்கும் சோம்பல். சந்தையில் குயினோவா தானியக் கஞ்சி விற்றுவிட்டு நான் தள்ளுவண்டியோடு திரும்பும்போது நடுத்தெருவில்தான் பாட்டு முழுசாகக் கேட்கும். உள்ளே போய்விட்டால் வீட்டுக்காரரின் பாதி மட்டும் காதை அடைக்கும். அதனால் கொஞ்ச நேரம் நடுத்தெருவிலேயே நின்றுவிடுவேன். வேன்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

இனி கோப்பை விஷயம்.

பிப்ரவரியில் மாதா திருவிழா. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் போட்டி, திங்கட்கிழமை தெருவலம். இரண்டுக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டு ஒரு குழுவுக்குக் கோப்பை கொடுப்பார்கள். எங்கள் பேட்டைக்கு எனக்கு நினைவு தெரிந்து இரண்டாம் இடம்தான். முதலிடம் கோல்பாக்காரர்களுக்கு. கோல்பா ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர். அவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த ஊர்க்காரி ஒருத்தி எங்கள் சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிறாள். வருஷா வருஷம் திருவிழா முடிந்த மறுநாள் என் வண்டிக்கு எதிரில் வந்து நின்று, "வாழ்த்துக்கா, ரெண்டாவதா வந்துட்டீங்களாமே" என்பாள். கஞ்சியை அவள் தலையில் கவிழ்க்காமல் இருந்தது என் பொறுமை.

அண்ணன்தான் எங்கள் குழுவுக்கு வழிகாட்டி. அவர் இழுத்த இழுப்புக்குத்தான் நாற்பது பேரும் ஊத வேண்டும், அவர் வைத்த வேகத்துக்குத்தான் கால் எடுத்து வைக்க வேண்டும். இரண்டாம் பரிசு வாங்கி வாங்கி அவருக்கு அலுத்துவிட்டது. குழு அறையில் வரிசையாக இருக்கும் அந்தக் கேடயங்களைத் துடைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். தூசி படியட்டுமாம். அறுபதை நெருங்குகிற மனிதருக்கு ஒரு ஆசை இருக்கக் கூடாதா? எனக்கும்தான் இருந்தது.

போன மழைக்காலத்தில் பவுலினோவுக்கு நிமோனியா வந்தது. ஏரியில் கூண்டு போட்டு ட்ரவுட் மீன் வளர்க்கிறவர். இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரிலேயே பாதி வாழ்க்கை. பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு பக்க நுரையீரலில் அடிப்பாகம் இனி வேலை செய்யாது, மேடு ஏறக் கூடாது என்று ஹூலியாக்கா ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். சிகு ஊதலாமா என்று கேட்டேன். டாக்டர் லிமாவிலிருந்து வந்தவர். "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டார். மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை அல்லவா, அதனால் இவர் ஊதினார். சாயங்காலம் தெருவுக்கு இந்தப் பக்கமிருந்து வரும் பாதி முன்பு போல இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டு இவர் வருவதற்குக் கொஞ்சம் தாமதம் ஆகும். அந்த இடைவெளி தெரியாமலிருக்க அண்ணன் தன் ஸ்வரத்தை விடாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார். இவர் வந்து சேர்ந்ததும் விடுவார். யாரும் பேசி வைத்துக்கொண்டதல்ல. ஒருத்தர் நொண்டினால் கூட நடக்கிறவர் தானாக மெதுவாக நடப்பாரே, அதுபோல.

முற்றத்தில் இது சரி. டிசம்பரில் போட்டி ஒத்திகை தொடங்கியபோதுதான் வம்பு வந்தது.

வில்பர் என்று ஒருத்தன் எங்கள் பேட்டைக்குத் திரும்பி வந்திருந்தான். அரெக்கிப்பாவில் சங்கீதம் படித்துப் பட்டம் வாங்கியவன், முப்பது வயது, நல்ல பிள்ளை. அவன் ஒத்திகையைத் தன் போனில் பதிவுசெய்து எல்லோருக்கும் போட்டுக் காட்டினான். நானும் கோக்கா இலைத் தண்ணீர் கொடுக்கப் போயிருந்தேன். வழிகாட்டி நீட்டினால் பின்னால் இருக்கிற வரிசை எல்லாம் நீட்டுகிறது. நீட்டிய இடத்தில் எல்லாம் பாட்டு தொய்கிறது. குழுத் தலைவி பசிலியா அம்மாள் நேராகவே சொன்னாள்: "பாட்டு நொண்டுது நிக்கானோர். கோல்பாக்காரன் சிரிப்பான்."

யாரும் பவுலினோவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் அண்ணன் எங்கள் அடுப்படிக்கு வந்தார். உட்காரவில்லை. தொப்பியையும் கழற்றவில்லை.

"சூப் இருக்கு, உக்காரு" என்றேன்.

"வேணாம்."

என் அண்ணன் கோழி சூப்பை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

"மச்சான்," என்றார், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "இந்தத் தடவ மைதானத்துல வில்பர் என்கூட நிக்கட்டும்."

பவுலினோ உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. "சரி."

"திங்கக்கெழம தெருவலத்துக்கும்..."

"அதான் சரின்னுட்டேனே. அந்தக் கோவில் மேட்ட நான் எங்க ஏறுறது."

"கோவமில்லையே?"

"எனக்கென்ன கோவம்? நானும்தான் கேட்டேன், அந்தப் பையன் போன்ல. கிழவி ஒருத்தி அடுப்பு ஊதுன மாதிரி இருக்கு."

"அவருக்குக் கோவமில்ல. எனக்கு இருக்கு" என்றேன் நான்.

"இலாரியா, நீ சும்மா இரு."

"எதுக்குச் சும்மா இருக்கணும்? நம்ம குழுவுல என்னைக்கு ஆள வேணாம்னு சொன்னோம்? அந்தக் குடிகாரன் ரூஃபினோ சிகுவத் தலகீழா புடிச்சு ஊதுவான். அவனையே வரிசையில வச்சிருந்தோம்!"

"அவனையும் நிறுத்தியாச்சு."

ரூஃபினோவைக்கூடவா? திருவிழா என்றால் குழல் வைத்திருக்கிற எவனும் வரிசையில் நுழைந்துகொள்ளலாம், தெரிந்ததை ஊதலாம், தெரியாததை விடலாம். பக்கத்தில் இருக்கிறவன் பார்த்துக்கொள்வான். கோப்பை என்று ஒன்றை மேஜையில் கொண்டுவந்து வைத்த பிறகுதான் ஆளை எண்ணுவதும் கழிப்பதும் வந்தது.

"கப்பு வேணும் வேணும்னு நீயும்தான சொன்ன?" என்றார் அண்ணன்.

"சொன்னேன். என் வீட்டுக்காரர வித்து வாங்கச் சொன்னேனா? கப்பு வந்து சாயங்காலம் உனக்குப் பதில் ஊதுமா?"

"இலாரியா" என்றார் பவுலினோ, மெதுவாக. "விடு. ஜெயிக்கட்டுமே. ஒரு தடவையாச்சும் ஜெயிக்கட்டும்."

அண்ணன் வாசல்வரை போய்த் திரும்பி நின்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். நான் அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அண்ணி இறந்த பிறகு அவர் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அதையும் நிறுத்தினேன். பவுலினோ எனக்குத் தெரியாமல் ஒரு தூக்கில் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் எதிர் முற்றத்திலிருந்தே இரண்டு பாதியும் வந்தன. வில்பர் அங்கே போய் உட்கார்ந்துவிடுவான். குறை சொல்லக் கூடாது, அருமையாக ஊதினான். ஒரு ஸ்வரம் முடிகிற இடத்தில் அடுத்தது சரியாக வந்து உட்காரும். எங்கள் வீட்டு ஜன்னலோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பவுலினோ கேட்பார்.

"பையன் நல்லா ஊதுறான், என்ன?"

"எனக்கு என்ன தெரியும்? நான் கஞ்சி விக்கிறவ" என்று ஜன்னலைச் சாத்துவேன். அவர் எழுந்து வந்து மறுபடி திறப்பார்.

ஜனவரி கடைசியில் பசிலியா அம்மாள் ஒரு சிவப்பு மேல்சட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். குழு முழுவதற்கும் புதிதாகத் தைத்தது. பவுலினோவின் அளவுக்கு முன்பே தைத்துவிட்டார்களாம். "வில்பர் ஒல்லிப்பிச்சான். ரெண்டு பக்கமும் கொஞ்சம் புடிச்சுக் குடுத்துரு இலாரியா, உன் கையில மிஷின் இருக்கு" என்றாள். அந்த அம்மாளுக்கு மனசு கல்லா இரும்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பவுலினோ அதை வாங்கி ஒரு தடவை போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்று பொத்தான்களைப் போட்டார், கழற்றினார், மடித்து என் மடியில் வைத்தார். "நல்ல துணி" என்றார். நான் தைத்துக் கொடுத்தேன். கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துவிட்டேன் போல. மைதானத்தில் வில்பர் மூச்சுவிட முடியாமல் தவித்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். வருத்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். காலையில் பார்த்தால் இந்த மனிதர் நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நிற்கிறார்.

"எங்க கெளம்பிட்ட கிழவா?"

"நம்ம ஆளுங்க ஊதுறாங்க. போக வேணாமா?"

நம்ம ஆளுங்களாம்! போனோம். எங்கள் குழு உள்ளே வந்தபோது மழை விட்டிருந்தது. ஊத ஆரம்பித்தார்கள். நான் குற்றம் கண்டுபிடிக்கத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. நாற்பது பேர் ஊதுகிறார்கள் என்று சொல்ல முடியாது. ஒரே பெரிய நெஞ்சு மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. பவுலினோ எழுந்து நின்றுவிட்டார். "இப்ப வருது பாரு, இப்ப பாரு, ஆங்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். முடிந்ததும் கத்திய கத்தலில் இருமல் வந்து, பின்னால் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண் தண்ணீர் கொடுத்தாள்.

மதிப்பெண்ணைச் சொன்னார்கள். நாங்கள் முதலிடம். கோல்பா மயிரிழையில் பின்னால். மறுநாள் தெருவலத்தைத் தடங்கல் இல்லாமல் நடந்து முடித்தால் கோப்பை எங்களுக்கு. எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தப் பாலாடைக்கட்டிக்காரி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கண்ணால் தேடினேன்.

திரும்பும்போது வேனில் கூட்டம். பவுலினோவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தவர், நான் கேட்காமலேயே சொன்னார்:

"ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் இல்லாம இவ்வளவு நல்லா இருக்கும்னு நெனைக்கல."

எனக்கு இருந்த சந்தோஷம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிரில் விறைத்துப் போயிருந்தது.

திங்கட்கிழமை. தெருவலம் எங்கள் வீட்டு முனையைக் கடந்துதான் மேட்டில் ஏறிக் கோவிலுக்குப் போகும். முனைக்குச் சற்று மேலே நடுவர்களுக்கு மேடை போட்டிருந்தார்கள். மேடைக்கு முன்னாலிருக்கிற அந்த நீளத்தில் வரிசை கலையக் கூடாது, நிற்கக் கூடாது. நின்றால் மதிப்பெண் போய்விடும். அதற்குத்தான் இரண்டு பக்கமும் கயிறு, போலீஸ் எல்லாம். நான் கயிற்றோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, பவுலினோவை உட்காரவைத்து, இரண்டு கம்பளியைச் சுற்றிவிட்டு, பக்கத்தில் நின்றேன். அண்ணன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

முரசுச் சத்தம் முதலில் வந்தது. அப்புறம் அவர்கள் வந்தார்கள். சிவப்புச் சட்டைகள், முன்வரிசையில் எங்கள் பக்கத்து ஓரத்தில் அண்ணன், அவருக்கு அடுத்து வில்பர். அதே பாட்டு, அதே கச்சிதம். நான் பவுலினோவைத் திரும்பிப் பார்த்தேன். கம்பளிக்குள்ளிருந்து கழுத்தை நீட்டியிருந்தார். உதடு குவிந்திருந்தது. கையில் ஒன்றும் இல்லை, ஆனால் அர்க்கா வர வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் காற்றை ஊதிக்கொண்டிருந்தார். ஊதிவிட்டு, மூச்சை இழுக்கத் திணறி, பின்தங்கி, மறுபடி ஊதினார்.

அண்ணன் அதைப் பார்த்தார்.

பார்த்தவர் தன் ஸ்வரத்தை விடவில்லை. நீட்டினார். வில்பர் ஒத்திகையில் பழகியபடி தன் இடத்தில் வந்தான், இரண்டும் மோதிக்கொண்டன. அவன் திகைத்து நிறுத்தினான். அண்ணன் அடுத்ததையும் நீட்டினார், பவுலினோ மூச்சை இழுத்து முடிக்கும்வரை. பின்வரிசைகள் வழிகாட்டியைத்தானே பின்பற்றும், அவர்களும் நீட்டினார்கள். முரசுக்காரன் அடியைத் தாமதித்தான். கால்கள் தயங்கின. மூன்றாவது வரிசை இரண்டாவதன் முதுகில் முட்டியது. எங்கள் வீட்டு முனையில், நடுவர்கள் கண்ணெதிரே, பேட்டை முழுவதும் காத்துக்கொண்டிருந்த குழு நின்றுவிட்டது.

"நிக்கானோர்! நட! நட!" என்று ஓரத்திலிருந்து பசிலியா அம்மாள் கத்தினாள்.

"போடா!" பவுலினோ நாற்காலியிலிருந்து கையை வீசினார். "ஏன்டா நிக்கிற? அறிவில்ல? போடா!"

அண்ணன் போகவில்லை. நடுவர்களைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். அப்புறம் வில்பரிடம் கையை நீட்டினார். "தம்பி, அதக் குடு."

வில்பருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவனும்தானே இரண்டு மாதம் உழைத்திருக்கிறான். ஆனாலும் கொடுத்தான். கொடுப்பதற்கு முன்னால் குழல்களின் வாயைத் தன் சட்டைக் கையால் துடைத்துக் கொடுத்தான். அந்த ஒன்றுக்காக அவனுடைய சட்டையைப் பிறகு நானே பிரித்துச் சரியாகத் தைத்துக் கொடுத்தேன்.

அண்ணன் கயிற்றைத் தாண்டி வந்து அர்க்காவைப் பவுலினோ மடியில் வைத்தார். சிகுக்காரர்கள் ஓரிடத்தில் நின்றால் வட்டம் கட்டுவார்கள், அது இரத்தத்தில் இருக்கிறது. யாரும் சொல்லாமல் வரிசை கலைந்து நாற்காலியைச் சுற்றி வளைந்துகொண்டது. போலீஸ்காரர் கயிற்றைக் காப்பாற்றப் பார்த்து, முடியாமல், தானும் வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார். ரூஃபினோ எந்தச் சந்திலிருந்து வந்தானோ, அவனும் இடித்துக்கொண்டு உள்ளே போனான்.

ஊதினார்கள். மெதுவாக, பவுலினோவின் மூச்சு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு மெதுவாக. இடிபட்டு நான் நடுத்தெருவுக்குப் போய்விட்டேன், எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. அவருடைய ஊதலை எனக்கு நன்றாகத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அன்றைக்குக் காதைக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தேன், பிரித்தெடுக்க முடியவில்லை. அவர் எதை ஊதினார், எதை விட்டார், அவர் விட்டதை எந்த அர்க்கா எடுத்துக்கொண்டது, ஒன்றும் தெரியவில்லை. எல்லோருடையதும் அவருடையதாக இருந்தது. நான் அழுதேன். நடுத்தெருவில், தொப்பி சரிந்துபோய், வெட்கமில்லாமல் அழுதேன்.

பின்னால் கோல்பாக்காரர்கள் வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய வழிகாட்டி எட்டிப் பார்த்து, "என்ன, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல. கொஞ்சம் வாய மூடிக்கிட்டு நில்லுங்க" என்றேன்.

அவர்கள் காத்திருக்கவில்லை. ஓரமாக ஒதுங்கி, எங்களைத் தாண்டி, மேடைக்கு முன்னால் கச்சிதமாக நடந்துபோய்க் கோப்பையை வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் மூன்றாம் இடம். இரண்டாவது கூட இல்லை. அந்தப் பாலாடைக்கட்டிக்காரி மறுநாள் என்ன சொல்வது என்று தெரியாமல் என் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனாள். பசிலியா அம்மாள் இன்னும் அண்ணனோடு பேசுவதில்லை. குழுவில் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே அண்ணன் எங்கள் அடுப்படிக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார். உட்கார்ந்தார். நான் பெரிய கிண்ணத்தில் சூப்பை ஊற்றி முன்னால் வைத்தேன். கோழிக்கால் இருக்கிற துண்டாகப் பார்த்துப் போட்டேன்.

பவுலினோவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "மடப்பய, மடப்பய! கையில வந்த கப்ப விட்டியே! நான் என்ன சாகவா போறேன்? ஒக்காந்து பாத்துட்டு இருந்தேன், சந்தோசமா இருந்தேன்!"

"நீ சந்தோசமா இருந்த லட்சணத்தப் பாத்தேனே. காத்த ஊதிட்டு இருந்த" என்றார் அண்ணன், சூப்பை உறிஞ்சிக்கொண்டே.

"அதுக்கு? நின்னுருவியா?"

"மொதத் தடவ பழக்கத்துல நீண்டுருச்சு மச்சான், சத்தியமா. ரெண்டாவது தடவ வேணும்னே நீட்டுனேன்."

"ஏன்?"

அண்ணன் கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தார். "நேத்து மதிப்பெண் சொன்னாங்கல்ல. எல்லாரும் கட்டிப்புடிச்சு ஆடுறான். வில்பர் அழுவுறான். எனக்கு இத யார்கிட்டயாச்சும் ஓடிப்போய்ச் சொல்லணும்போல இருந்துச்சு. யார்கிட்ட சொல்றதுன்னு சுத்திச் சுத்திப் பாத்தேன்." வாயைத் துடைத்துக்கொண்டார். "இத்தன வருசமா நான் கப்புக்காகத்தான் ஊதுறேன்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன், பாரு. எப்பேர்ப்பட்ட முட்டாள்."

பவுலினோ உருளைக்கிழங்குத் தட்டைத் தூக்கி அவர் பக்கம் தள்ளி வைத்தார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். நான் இன்னொரு கரண்டி சூப் ஊற்றினேன்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் அண்ணன்.

"அர்க்கா யாரு?"

"நீதான்."

பவுலினோ தாடையைச் சொறிந்து யோசித்தார். "அப்ப ஜெயிச்ச மாதிரிதான்" என்றார்.

அண்ணன் வாயிலிருந்த சூப் மேஜையில் தெறித்தது. இரண்டு கிழங்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவில் பவுலினோவுக்கு இருமல் வந்துவிட்டது. அவர் இருமி, மூச்சைப் பிடித்து நிமிரும்வரை அண்ணன் சிரிப்பை அப்படியே நிறுத்திக்கொண்டு, கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி காத்திருந்தார். அப்புறம் இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து சிரிக்க ஆரம்பித்தார்கள்.